துவக்கும் கைத்துவக்கும்

சென்ற ஆண்டு எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற விவாதமொன்றே இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது. "துவக்கு இருந்திருந்தால் நல்லூர் வீழ்ந்திராது" என்பது விவாதப் பொருள். ஒட்டிப் பேசிய இளைஞர்கள், வேலும் வாளும் ஏந்திய தமிழ் வீரர் பறங்கியரின் தீக்குழல்களுக்கு முன்னே மார்பு காட்டி நின்ற காட்சியை உருக்கமாகத் தீட்டினர். கைதட்டல் அடங்க நெடுநேரம் சென்றது. வெட்டிப் பேசியோரிடமும் சான்றுகள் மிகுதியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிற் பேச்சு வேறு திசையிற் சென்றது. போரிலே றைபிள் சிறந்ததா, இடுப்பிற் செருகும் றிவோல்வர் சிறந்ததா என்று இரு இளைஞர் தர்க்கித்துக்கொண்டிருந்தனர். முன்னாளிற் கல்லூரிக் கடேற் படையிற் பயின்ற பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். "தம்பிமார், படத்திலை பார்க்கிற துவக்கு வேறை, தோளிலை இடிக்கிற துவக்கு வேறை" என்று சிரித்தார். முன்னூற்று மூன்று என வழங்கும் றைபிளை முதன்முறை சுட்ட அன்று தமது தோள் கன்றிப்போய், தாயார் நல்லெண்ணெய் தடவிய கதையையும் சொன்னார்.

மேடையில் நடந்த விவாதமும் தேநீர்க் கோப்பையோடு நடந்த தர்க்கமும் உண்மையில் ஒரே வரலாற்றின் இரு கிளைகள் என்பது பின்னர் நூல்களைப் புரட்டியபோது எமக்குப் புலனாயிற்று. எனவே இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை நாம் 'துவக்கு' என்கின்றோம். இரண்டும் துருக்கிய மொழியிலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். சிங்களத்திலும் அது 'துவக்குவ' என்றே வழங்குகின்றது. பெருங்குழலாகிய பீரங்கிக்கு வந்த பெயரோ, அதனைக் கொண்டுவந்தவனின் பெயர். ஐரோப்பியரைப் பாரசீகர் பிறங்கி என்றனர். அச்சொல்லே நம்மிடம் மனிதனுக்குப் பறங்கி என்றும், அவன் ஆயுதத்துக்குப் பீரங்கி என்றும் பிரிந்தது. ஆயினும் மருந்து, சன்னம், திரி, வெடி என்பன நம் சொற்களே. வன்னியில் இன்னும் வழங்கும் 'இடியன்' என்ற பெயரைக் கேட்போருக்கு, வாயாலே மருந்திட்டுக் கோலால் இடிக்கும் அத்துவக்கின் உருவமே கண்முன் தோன்றும். ஒரு கருவியின் உறுப்புகளுக்கும் செய்கைகளுக்கும் ஒரு மக்கட் கூட்டம் சொந்தப் பெயரிட்டு வழங்குமாயின், அக்கருவி அவர்களுக்கு அந்நியமாக நெடுங்காலம் இருந்ததில்லை என்பது தெளிவு. மேடையில் நின்ற வேல்வீரரைப் பற்றி எமக்கு முதலில் ஐயம் எழுந்ததும் இங்கேதான்.

1505ஆம் ஆண்டு லூறென்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள் கொழும்பை அடைந்தபோது, அங்குள்ளோர் பீரங்கியின் முழக்கத்தை இடியினும் பெரிதென அஞ்சி அரசனிடம் ஓடிச் சொன்னதாக இராஜாவலிய என்னும் சிங்கள நூல் கூறும். இவ்வச்சம் ஒரு தலைமுறைகூட நீடிக்கவில்லை. சிங்களக் கொல்லர் பறங்கியரின் துவக்கைப் பிரித்துப் பார்த்தனர். பின்னர் தாமே செய்தனர். 1580களிற் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவனிடம் துவக்குப் படையும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. கோவையிலிருந்து இலங்கை வரலாற்றை எழுதிய குவேறோஸ் என்னும் யேசு சபைப் பாதிரியார், இத்தொழிலிற் சிங்களவர் தம்மவரையே விஞ்சிவிட்டனர் என்று ஒப்புக்கொள்கின்றார். பகைவன் வாயால் வரும் புகழ் இது. சிங்களத் துவக்குக்குத் தனி அடையாளமும் உண்டு. ஏனைய நாட்டார் பொறியைக் குழலின் வலப்புறத்தில் வைக்க, இவர்கள் இடப்புறத்தில் வைத்தனர். அடிக்கட்டையைச் சுருள் சுருளாகச் செதுக்கி அணி செய்தனர். 1543இல் யப்பானின் தனேகஷிமாத் தீவிற் பறங்கியர் இறங்கியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. சில ஆண்டுகளுள் யப்பானியக் கொல்லர் துவக்கைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினர்.

அக்காலத்துத் துவக்கு எத்தன்மையது? அதற்குத் திரியே உயிர். வெடியுப்பு நீரில் ஊறவைத்து உலர்த்திய கயிறு ஒன்று கனன்றுகொண்டேயிருக்கும். வில்லை அழுத்தினால் அத்திரி குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்திற் படும். தீ துளைவழியே உட்சென்று பெருமருந்தைக் கொளுத்தும். வெடியுப்பு முக்காற்பங்கு, எஞ்சியதிற் கரியும் கந்தகமும்: இதுவே மருந்து. ஒரு முறை சுட்டு மறுமுறை மருந்திடுவதற்குள் வில்லாளன் பல அம்புகளை விட்டுவிடுவான். நூறு யாருக்கு அப்பால் நிற்பவன்மீது குறிதவறாது படும் என்று சொல்ல இயலாது. இரவிலே திரியின் கனல் சுடுவோனையே காட்டிக்கொடுக்கும். மழை பெய்தாலோ அது வெறுங்கழி. 1630இல் ரந்தெனிவலையில் கொன்ஸ்தந்தீனோ த சா என்னும் பறங்கித் தளபதி தன் படையோடு அழிந்தமைக்கு, பெய்த மழையிலே திரியும் மருந்தும் நனைந்தமையும் ஒரு காரணம். மழைத்துளி துவக்கை வென்ற நாள் அது.

இனி நல்லூருக்கு வருவோம். 1560இல் கோவையின் இராசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சா பெருங்கப்பற் படையுடன் வந்து நல்லூரைப் பிடித்தான். சங்கிலி மன்னன் வன்னிக்குப் பின்வாங்கினான். ஆனால் பறங்கியர் அங்கே நிலைக்க முடியவில்லை. மக்கள் கிளர்ந்தெழவே, பிறகன்சா யாழ்ப்பாணத்தை விட்டு மன்னாருக்குச் சென்று, அங்கே கோட்டை கட்டுவதோடு அமைந்தான். துவக்குடையோன் துவக்கில்லாதவனை ஊதித் தள்ளினான் என்பது மெய்யாயின், 1560இலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1591இல் அந்திரே பூர்த்தாதோ த மென்டோன்சா வந்தான். புவிராஜபண்டாரம் மாண்டான், எதிர்மன்னசிங்கம் பறங்கியருக்கு அடங்கிய மன்னனாக அமர்த்தப்பட்டான். அதன் பின்னரும் இருபத்தெட்டு ஆண்டுகள் அரசு பெயரளவிலேனும் நின்றது. 1619இற் பிலிப்பே த ஒலிவேறா தரைவழியாக வந்து இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடித்த பின்னரே சிங்கைநகரார் முடி வீழ்ந்தது. சங்கிலி கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது.

இச்செய்திகளில் எம்மை நெடுநேரம் நிறுத்தியது ஒன்றுண்டு. ஒலிவேறாவின் படையிற் பறங்கியர் சிறுதொகையினர். மிகப் பெரும்பாலோர் லஸ்கரின்கள், அதாவது இந்நாட்டிலேயே சேர்த்த படையாட்கள். மறுபுறத்தில் யாழ்ப்பாண மன்னரும் வடுகப் படையினரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தனர். அரசு வீழ்ந்த பின்னர் தஞ்சை இரகுநாத நாயக்கன் அனுப்பிய படைகளும் இங்கே வந்து பொருதன. தஞ்சைப் படை துவக்கறியாப் படையன்று. ஆகவே களத்தில் ஒருபுறம் துவக்கும் மறுபுறம் வேலும் நின்றன என்பது மேடைக்கு அழகாயிருக்கலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. துவக்கு இரு பக்கத்திலும் இருந்தது. அதைத் தூக்கிய கைகளும் இரு பக்கத்திலும் பெரும்பாலும் இந்நாட்டுக் கைகளே. இதனைச் சொல்ல எமக்கும் கசப்பாகத்தான் இருக்கின்றது.

அவ்வாறாயின் கண்டி 1815 வரை நிற்க, நல்லூர் ஏன் 1619இல் வீழ்ந்தது? எமது கருத்திற் காரணம் நிலமும் நீரும். கண்டிக்கு மலையும் காடும் மழையும் அரண். பறங்கியரின் படை நீண்ட வரிசையாக ஒற்றையடிப் பாதையிற் செல்ல வேண்டும். மேலிருந்து சுடுவோனுக்கு அது வசதி. மலைநாட்டுக் குகைகளில் வெடியுப்புக் கிடைத்தது. 1821இல் நூல் வெளியிட்ட யோன் டேவி என்னும் ஆங்கில வைத்தியர், கண்டி நாட்டார் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்து மருந்து செய்யும் முறையை நேரிற் கண்டு விவரித்துள்ளார். கண்டி தன் துவக்கைத் தானே செய்தது. அதன் உணவாகிய மருந்திற் பெரும்பங்கையும் தன் மண்ணிலிருந்தே எடுத்தது. குடாநாடோ பனங்கூடல் தவிர மறைவில்லாத சமதரை. மூன்று புறமும் கடல். அக்கடலிற் பறங்கியரின் பீரங்கிக் கப்பல். 1560இல் மன்னார் பறிபோன அன்றே தமிழகத்துக்குச் செல்லும் நேர்வழி பகைவன் கண்ணெதிரே கிடந்தது. அதனோடு அரண்மனைக்குள்ளே பட்டத்துப் பூசலும் ஓயவில்லை. ஒரு துவக்கை வாங்குவது எளிது. அடுத்த ஆண்டும் அதற்கு மருந்து வந்துகொண்டிருக்கச் செய்வதே அரசுக்குரிய வேலை. விவாதப் பொருளை மாற்றி எழுதச் சொன்னால், "கப்பல் இருந்திருந்தால் நல்லூர் வீழ்ந்திராது" என்று எழுதுவோம். அதற்கும் வெட்டிப் பேச ஆளிருக்கும்.

பறங்கியரையே பின்னர் வீழ்த்தியதும் துவக்கன்று, பசி. 1658 மார்ச்சில் றைக்லோப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை வளைத்தனர். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை குடிதண்ணீர் இல்லாமற் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் நின்று, உணவற்று, நோயுற்று யூன் மாதத்திற் கதவு திறந்தது. முற்றுகையை உடனிருந்து கண்ட பல்தேயுப் பாதிரியார் அதனை எழுதிவைத்துள்ளார்.

ஒல்லாந்தர் பின்னர் கட்டிய ஐங்கோணக் கோட்டையை நாம் மாலை வேளையில் உலாவப் போகும் இடமாகவே அறிவோம். அடுத்த முறை செல்லும் இளைஞர்கள் ஒரு கொத்தளத்தில் நின்று அடுத்த கொத்தளத்தை நோக்குக. அவ்விடைவெளி மனம்போனபடி அமைந்ததன்று. ஒரு கொத்தளத்தில் நிற்பவனின் துவக்குச் சன்னம் அடுத்ததன் முகப்பைக் காக்கும் தூரத்தைக் கணக்கிட்டே இத்தகைய கோட்டைகள் வரையப்பட்டன. சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உத்றெக்ற், பிறீஸ்லாந்து எனத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை அக்கொத்தளங்களுக்கு இட்டனர். வெளிமதில் வேலை 1792இல் முடிந்தது. மூன்றாண்டு கழிந்து 1795 செப்டெம்பர் 28இல் ஆங்கிலேயக் கேணல் ஸ்டூவர்ட் வந்தபோது, கோட்டை ஒரு வெடியும் தீராமற் கைமாறியது! அக்கோட்டை உண்மையான முற்றுகையைக் கண்டது 1990இல். துவக்குத் தூரத்துக்காக அளந்த மதில்கள் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் என்ன செய்யும்? அக்கோடையின் ஓசையை இவ்விதழைப் படிப்போருள் நடுவயதைக் கடந்தோர் எவரும் மறந்திரார். நாம் விரிக்க வேண்டியதில்லை.

இனிக் கைத்துவக்கு. திரித்துவக்குக் காலத்தில் இடுப்பிற் செருகும் சிறு துவக்கு ஏன் பரவவில்லை என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிது. கனலும் திரியை யார் மடியிற் கட்டிக்கொண்டு திரிவார்? பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கம்மியர், சாவி கொடுத்துச் சுழலும் சிறு சக்கரம் கல்லில் உரசித் தீப்பொறி பறக்கும் பொறியொன்றைக் கண்டனர். அதன் பின்னரே மருந்திட்டு ஆயத்தமாக வைத்த துவக்கை உறையில் இட்டுச் செல்ல முடிந்தது. அது மணிக்கூடு செய்வோனின் வேலை போன்றது, விலையும் அதற்கேற்ப. ஆகவே பிறந்த நாள்தொட்டே பிஸ்ரல் பிரபுவின் ஆயுதமாயிற்று. படையாளின் கையில் மலிவான திரித்துவக்கே இருந்தது. பிஸ்ரல் என்ற பெயர் குழலைக் குறிக்கும் பொகேமியச் சொல் என்பர் ஒருசாரார். இத்தாலியின் பிஸ்தோயா என்னும் ஊர்ப் பெயர் என்பர் வேறொருசாரார். பின்னர் சக்கரத்துக்குப் பதிலாக வில்லில் இறுக்கிய கல் வந்தது. நீண்ட துவக்கும் கைத்துவக்கும் இரண்டும் கற்பொறியைப் பெற்றன. ஆங்கிலேயப் படை 'பிறவுண் பெஸ்' என்று செல்லமாக அழைத்த பெருந்துவக்கு அவ்வகையது. தேர்ந்த படையாள் ஒரு நிமிடத்தில் மும்முறை சுடுவான்.

1803இற் பண்டாரவன்னியன் எதிர்நின்றது இத்துவக்குகளையே. அவ்வாண்டு ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை அவன் கைப்பற்றினான். உடனே மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலேயப் படை புறப்பட்டது. ஒக்டோபர் 31இற் கற்சிலைமடுவிற் கப்டன் வொன் டிறீபேர்க் அவனைத் தோற்கடித்ததாக அங்கு நாட்டிய கல் கூறிற்று. காடு அவனுக்கு அரணாயிருந்த வரையில் நின்றான்.

துவக்கு றைபிளான கதையில் எம்மவர் பலர் அறியாத ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டினால் சன்னம் பம்பரம்போற் சுழன்று நேரே செல்லும் என்பதை ஜேர்மன் வேட்டைக்காரர் முன்பே அறிவர். ஏன் என்பதை முறையாக ஆராய்ந்தவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742இல் அவர் பீரங்கிக் கலைபற்றி நூல் எழுதினார். தொங்கும் மரப்பலகையிற் சன்னத்தைப் பாய்ச்சி, பலகை ஆடும் அளவைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார். வரிக்குழலின் தன்மையை நன்குணர்ந்து முதலிற் கைக்கொள்ளும் நாடே ஏனையவற்றை வெல்லும் என்றும் முன்னறிந்து கூறினார். கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கோட்டை திருத்த அனுப்பிற்று. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் சென் டேவிட் கோட்டையில், 1751இல், காய்ச்சல் கண்டு இறந்தார். உலகத்து றைபிள்களுக்கெல்லாம் கணக்கெழுதிக் கொடுத்தவரின் கடைசி மூச்சு நமது அக்கரையிலே பிரிந்தது.

அவர் சொன்னது மெய்யாக நூறாண்டு சென்றது. வரிக்குழலிற் சன்னத்தை இறுக்கி இடிப்பதற்கு நேரம் பிடித்தமையே தடை. இடையில் 1807இற் பொறிக்கல்லுக்கு மாற்றாகத் தட்டினால் வெடிக்கும் இரசாயன மருந்துக்குப் பத்திரம் பெற்றவர் அலெக்சாந்தர் போர்சைத் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார். கிண்ணத்து மருந்தின் மின்னலைக் கண்டு தாராக்கள் முன்கூட்டியே பறந்துவிடுகின்றன என்பதே அவருடைய மனக்குறையாம். தாரா வேட்டைக்காகக் கண்டதை உலகப் படைகள் எடுத்துக்கொண்டன! பின்பக்கம் குழிந்து, வெடிக்கும்போது விரிந்து வரியைப் பற்றும் சன்னத்தைப் பிரெஞ்சுக்காரர் மினியே ஆக்கினார். 1853இன் என்பீல்ட் றைபிள் அவ்வழி வந்தது. அதன் தோட்டாக் கடதாசியிற் பூசிய கொழுப்பு எவ்விலங்கினது என்ற ஐயமே 1857இல் வட இந்தியாவைப் பற்றவைத்த பொறி. பல்லாற் கடித்துக் கிழிக்க வேண்டிய கடதாசி அது. சிப்பாயின் ஆசாரத்தைப் பொறியியலாளர் எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை.

அதே ஆண்டுகளிலேதான் எமது இளைஞர் தர்க்கித்த கைத்துவக்கு வழக்கும் இங்கிலாந்தில் எழுந்தது. 1851இல் இலண்டன் மகா கண்காட்சியில் அமெரிக்கர் கோல்ட்டின் றிவோல்வரும் ஆங்கிலேயர் அடம்ஸின் றிவோல்வரும் எதிரெதிரே வைக்கப்பட்டன. கோல்ட்டினது ஆறு வெடி, ஒவ்வொரு முறையும் பெருவிரலாற் சுத்தியலை இழுக்க வேண்டும், குறி துல்லியம். அடம்ஸினது ஐந்து வெடி, வில்லை அழுத்தினாலே சுழன்று வெடிக்கும், சன்னம் பெரிது. நின்று நிதானித்துச் சுடுவோர் கோல்ட்டையும், கைக்கெட்டும் தூரத்திற் பகைவன் பாய்ந்து வருவான் என எண்ணியோர் அடம்ஸையும் விரும்பினர். போமன்ற் என்பார் இரண்டு முறைகளையும் ஒன்றிலே இணைக்க, ஆங்கிலப் படை அதனை ஏற்றது. ஆயினும் அதிகாரிகளின் தர்க்கம் ஓயவில்லை. ஏனெனில் அவர்கள் தத்தம் கைத்துவக்கைச் சொந்தப் பணத்திற் கடையிலே வாங்கினர். அரசாங்கத் தோட்டா பொருந்த வேண்டும் என்பதே பிற்கால விதி. எஞ்சியது அவரவர் விருப்பம். ஒருவர் பாரம் குறைந்ததை விரும்புவார், மற்றொருவர் பிடி பெரியதை. மீசையைப் போலவே அதுவும் ஒருவருக்கொரு தினுசு.

படையாளுக்கு இவ்வுரிமை இல்லை. எண் பொறித்த றைபிளை அவன் கையொப்பமிட்டுப் பெற்று, துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் கொட்டிலிற் பூட்ட வேண்டும். பெரியவர் சுட்ட முன்னூற்று மூன்று இவ்வகையின் முதிர்ந்த வடிவம். லீ என்பவரின் பூட்டும் என்பீல்ட் தொழிற்சாலையின் குழலும் சேர்ந்தது. வங்காளத்து இஷாப்பூரிலும் அது செய்யப்பட்டது. நிறை ஏறக்குறைய நான்கு கிலோ. பத்துத் தோட்டா கொள்ளும். பயின்றவன் ஒரு நிமிடத்திற் குறிபார்த்துப் பதினைந்து வெடி தீர்ப்பான். அதனோடு பிறந்த அதிகாரிகளின் வெப்ளி றிவோல்வரோ ஒரு கிலோவுக்குச் சற்றே மேல், ஆறு தோட்டா. முந்நூறு யாரில் றைபிள் செய்யும் வேலையை றிவோல்வர் முப்பது யாரிலும் நம்பிக்கையாகச் செய்யாது. குழல் குட்டை, தோளின் அணையும் இல்லை, மணிக்கட்டின் சிறு நடுக்கமும் சன்னத்தை விலக்கிவிடும்.

"அப்ப அதை ஏன் ஐயா கொண்டு திரிஞ்சவை?" என்று இளைஞர் கேட்டார். "சுடுறதுக்கில்லைத் தம்பி, ஆர் பெரியவர் எண்டு காட்டுறதுக்கு" என்றார் பெரியவர். இது முற்றும் சரியன்று என்பதைப் பணிவுடன் குறிக்கின்றோம். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளில், திரும்ப இடமில்லாத மூலையில், நீண்ட றைபிளைவிட வெப்ளி பயன்பட்டது. ஆனால் அதே போரில், றைபிளின்றி இடுப்பிற் கைத்துவக்கோடு நிற்பவன் அதிகாரி என எதிரி தூரத்திலிருந்தே இனங்கண்டு முதலிற் சுட்டமையால், அதிகாரிகள் பலர் தாமும் றைபிள் தூக்கத் தொடங்கினர். பெரியவர் சொன்ன அடையாளமே அங்கே யமனாயிற்று.

போர்க்களத்திற் சிறுத்த கைத்துவக்கு, ஊருக்குள் வேறு வேலை செய்தது. மறைக்கக் கூடியது என்பதே அதன் தனித்தன்மை. 1911 யூன் 17இல் மணியாச்சிச் சந்தியிற் புகையிரதத்தில் இருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்திற் செய்த பிறவுணிங் பிஸ்ரல். 1959 செப்டெம்பர் 25இற் பிரதமர் பண்டாரநாயக்காவை அவர் வீட்டு விறாந்தையில் வீழ்த்தியது ஒரு றிவோல்வர். வணங்கிக் குனிந்தவரைச் சுட்டது துறவியின் அங்கிக்குள் மறைந்திருந்த அது. நீண்ட துவக்கோடு அவ்வீட்டுப் படியேற எவராலும் முடிந்திராது.

றைபிள் ஒளிந்து வருவதில்லை. அது ஆணையோடு வரும். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிறந்தது. கொழும்பு நகரக் காவற்படையிற் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர், யூலை 7இல் வரிசையாக நின்ற றைபிள்களுக்கு முன்னே உயிர்விட்டார். அக்கொடுமையை எதிர்த்துச் சட்டநிரூபண சபையில் முழங்கியவரும், யுத்த அபாயம் சூழ்ந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடியவரும், இராமநாதன் கல்லூரியையும் பின்னர் பரமேஸ்வராக் கல்லூரியையும் நமக்களித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனே. அவர் கையில் இருந்தது கடதாசிக் கட்டு ஒன்றே. திரும்பி வந்தபோது சிங்கள மக்கள் அவரை வண்டியில் ஏற்றித் தாமே இழுத்துச் சென்றனர்.

மறு ஆண்டு, 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் வந்தது. துவக்கு வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்ற விதியை இந்நாட்டுக் கமக்காரன் இன்றும் அறிவான். வன்னியிலே யானைக்கும் பன்றிக்கும் குரங்குக்கும் பயிரைக் காக்க ஒரு துவக்குக் கேட்டு அலைபவனுக்குக் கோல்ட்டா அடம்ஸா என்ற கேள்வி இல்லை. அவன் பெரும்பாலும் இடியனோடு நிற்கின்றான். சட்டத்துக்குப் புறம்பாகச் சிலர் கட்டும் கட்டுத்துவக்கு, பன்றி வரும் வழியில் மனிதன் வந்தாலும் வெடிக்கின்றது. நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்தவர் கண்ட முன்னேற்றம் எதுவும் அதற்கு இல்லை. சுடுவதற்கு ஆளும் இல்லை.

கடைசியாக ஒன்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுபோன பொருள்கள் ஆம்ஸ்ரடாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தன. 2023 இறுதியில் அவற்றுள் ஆறு கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு மீண்டன. லேவ்கே திசாவையின் அணிப்பீரங்கியைப் பற்றியே பத்திரிகைகள் அதிகம் எழுதின. அதனோடு வந்த வாள்களுக்கு அருகில் இரண்டு நீண்ட துவக்குகளும் உள்ளன. 'மஹ துவக்கு' என்பது அவற்றின் பெயர். மேடையில் ஒட்டிப் பேசிய இளைஞருள் இருவர் எதிர்வரும் விடுமுறையிற் கொழும்பு சென்று அவற்றைப் பார்த்துவரப் போவதாகச் சொல்லியிருக்கின்றனர். பொறி எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்று கவனித்துவரும்படி சொல்லியிருக்கின்றோம்.